எண்ணாமல் விட்ட மூச்சு

ஜனவரி 11

அன்புள்ள அண்ணா,

நான் நலம். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் "நலம்" என்று ஒரே சொல்லில் கதவைச் சாத்திவிடுவாய். போன வாரம் போனில் அவ்வளவு நேரம் பேசினோமே, பேசியது முழுக்க நான். நீ "ம்" சொன்னாய். நடுவில் ஒருமுறை தாராளமாக "ம்ம்" என்றாய். அதனால்தான் கடிதத்தில் இறங்கிவிட்டேன். வெறும் "ம்" எழுதித் தபால்தலை ஒட்ட உனக்கே வெட்கமாக இருக்கும்.

கடையில் யாருக்கோ முடிவெட்டிக்கொண்டிருந்த அண்ணி, கையில் கத்தரிக்கோலோடு சரிந்து விழுந்து மூன்று மாதம் ஆகிறது. தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது, காப்பாற்ற முடியவில்லை என்று டாக்டர் சொன்னபோது நானும் உன் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். நீ தலையாட்டினாய். அப்புறம் நான் அங்கே இருந்த நாள்களெல்லாம் வந்தவர்களுக்கு நாற்காலி போட்டாய், தேநீர் கொடுத்தாய், போனவர்களை வாசல்வரை போய் வழியனுப்பினாய். "உங்கண்ணனுக்கு ரொம்ப தைரியம்மா" என்று பக்கத்து வீட்டு அம்மாள் என் காதைக் கடித்தார். எனக்கு அது தைரியமாகத் தெரியவில்லை. "அப்பா தூங்குறதே இல்ல அத்தை, கண்ணை மட்டும் மூடிக்கிறார்" என்று உன் மகள் சொன்னாள். எட்டு வயது, பார்ப்பதற்குத்தான் பொடிசு. அவள் கண்ணிலிருந்து எதுவும் தப்பாது.

நெஞ்சுநோய் வார்டில் என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும். ஆபரேஷன் முடிந்து வருகிறவர்களுக்கு மூச்சுவிடச் சொல்லித்தருவது. "பொறந்ததுலேர்ந்து விட்டுக்கிட்டுத்தானே இருக்கேன், இதுல கத்துக்க என்னம்மா இருக்கு?" என்று முதல்நாள் கேட்காத ஆளில்லை. மூன்றாம் நாள் யாரும் கேட்பதில்லை. ஆஸ்பத்திரிப் பயிற்சியோடு யோக மூச்சையும் கொஞ்சம் சேர்த்துச் சொல்கிறேன். அது நான் என் இளைப்புக்காகக் கற்றுக்கொண்டது.

ஆனால் எனக்கு முதல் வாத்தியார் நீதான். இளைப்பு வந்தால் என் நெஞ்சு விசிலடிக்கும். அதற்கே "விசில்" என்று பெயர் வைத்தாய், படுபாவி. அப்புறம் பக்கத்தில் வந்து உட்காருவாய். "அழாத விசிலு, அழுதா இன்னும் முட்டும். நான் எண்றேன், நீ விடு" என்பாய். எண்ணுவாய். நம் வீட்டில் அதுதான் எல்லாவற்றுக்கும் மருந்து. அம்மா திட்டினாலும், பரீட்சையில் கோட்டைவிட்டாலும், அப்பா போனபோதும்கூட, நீயும் நானும் அழாமல் எண்ணிக்கொண்டிருந்தோம்.

இப்போது என் முறை. முதுகு நேராக இருக்கும்படி நாற்காலியில் உட்கார். மூக்கு வழியாக நாலு எண்ணி இழு. நாலு எண்ணிப் பிடித்து வை. எட்டு எண்ணி மெதுவாக விடு. காலையில் கொஞ்ச நேரம், படுக்கப்போகும் முன் கொஞ்ச நேரம். எனக்கு வேறெதுவும் வேண்டாம் அண்ணா, நீ தூங்கினால் போதும். நீ விழுந்துவிட்டால் பொடிசுக்கு யார் இருக்கிறார்கள்?

தூக்கம், சாப்பாடு, வேலை, பொடிசு. நாலுக்கும் பதில் வரவேண்டும். அவளுக்கு என் முத்தம்.

உன் தங்கை
விசில்


ஜனவரி 30

அன்புள்ள விசிலுக்கு,

கடிதம் கிடைத்தது. நலம். எழுத வெட்கமாக இல்லை.

தூக்கம் இல்லை. சாப்பிடுகிறேன். பெரும்பாலும் முட்டையும் ரொட்டியும். வேலை நடக்கிறது. பொடிசு பள்ளிக்குப் போகிறாள், வருகிறாள். முன்முடி கண்ணில் விழுகிறது. பார்க்கலாம்.

கிடங்கில் இது பட்டாணி வந்து இறங்கும் சமயம். குளிர் அறை கூரைவரை நிரம்பிவிட்டது. உள்ளே பூஜ்யத்துக்குக் கீழே இருபது. நான் பெரும்பாலும் கம்பிரசர் பக்கம்தான், ஆனாலும் குழாய்களைப் பார்க்க உள்ளே போய்வர வேண்டியிருக்கிறது. போன வாரம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் கையுறை கிழிந்ததைக் கவனிக்காமல் உள்ளே இருந்துவிட்டார். இரண்டு விரல் மெழுகு மாதிரி வெளுத்துவிட்டது. வெந்நீர்க் குழாயில் காட்டப் போனார். சூப்பர்வைசர் கையைப் பிடித்து இழுத்துவிட்டார். "வெந்நீர் வேணாம்யா, அக்குள்ல வச்சுக்கோ. மரத்துக் கெடக்கறப்போ ஒண்ணும் தெரியாது. உணர்ச்சி திரும்பறப்போதான் உசிரு போவும். வலிச்சா சந்தோஷப்படு, வெரலு பொழச்சிருச்சுன்னு அர்த்தம்" என்றார். ஃபோர்க்லிஃப்ட்காரர் அப்புறம் வெகுநேரம் வலியில் கத்திக்கொண்டிருந்தார். விரல் பிழைத்துவிட்டது.

வேறு செய்தி இல்லை. நீ சொன்ன பயிற்சியைச் செய்து பார்க்கிறேன். சும்மா உட்கார்ந்திருப்பதற்கு அது மோசமில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். இன்ஹேலரைப் பையில் வைத்துக்கொள்.

அண்ணன்


பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணா,

நான் நலம். இன்ஹேலர் பையில் இருக்கிறது, பை தோளில் இருக்கிறது, தோள் என்னிடம் இருக்கிறது. போதுமா?

நீ பக்கத்தை நிரப்பி எழுதியிருந்ததைப் பார்த்து எனக்குக் கைகால் ஓடவில்லை. முக்கால்வாசி உறைந்த பட்டாணியும் யாரோ ஒருவருடைய விரலும்தான். இருந்தாலும் கும்பிட்டு வாங்கிக்கொள்கிறேன்.

வார்டுக்கு ஒரு புது ஆள் வந்திருக்கிறார். பேண்டு வாத்தியத்தில் டிரம்பெட் ஊதியவர். மூன்று பந்து இருக்கும் பிளாஸ்டிக் கருவியை நீட்டினேன். "முப்பது வருஷமா ஊதினவன்கிட்ட ஊதச் சொல்றியாம்மா" என்று ஒரு சிரிப்பு. "ஊத வேணாம் சார், இழுங்க" என்றேன். இழுத்தார். ஒரு பந்துகூட அசையவில்லை. மனிதருக்கு முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே! இப்போது தினமும் என் வருகைக்குக் காத்திருக்கிறார்.

எப்படி வேலை செய்கிறது என்று நீ கேட்கமாட்டாய், நானே சொல்கிறேன். மூச்சை இழுக்கும்போது நெஞ்சு கொஞ்சம் வேகமாக அடிக்கும். விடும்போது கொஞ்சம் நிதானமாகும். அதனால் விடுவதை நீட்டினால் நிதானம் நீளும். மனசு சொன்ன பேச்சு கேட்காத ஜாதி, "உட்கார்" என்றால் உட்காராது. மூச்சு அப்படியில்லை, நாம் சொன்னால் கேட்கும். மூச்சு போய் ஓரிடத்தில் உட்கார்ந்தால், மனசும் பின்னாலேயே வந்து உட்காரும். எந்த மூக்குத்துளையால் இழுத்தோமோ அதை மூடி மறு துளையால் விடுவதையும் சேர்த்துக்கொள். வலது இழுத்தால் இடது விடட்டும், இடது இழுத்தால் வலது.

பொடிசு முடியை என்ன செய்யப் போகிறாய்? உங்கள் வீட்டில் யாரும் வெளியில் போய் முடிவெட்டிக்கொண்டதே இல்லையே. ஞாயிற்றுக்கிழமை ஆனால் அண்ணி உங்கள் இரண்டு பேர் கழுத்திலும் துண்டைக் கட்டி ஜன்னலோரம் உட்காரவைத்துவிடுவாரே. உன் தலை இப்போது எப்படி இருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

உன் கடிதத்தில் அண்ணி என்ற சொல்லே இல்லை. எழுதித்தான் ஆகவேண்டும் என்று சொல்லவில்லை. கவனித்தேன், அவ்வளவுதான்.

பொடிசுக்கு முத்தம். பதில் போடு.

விசில்


மார்ச் 14

அன்புள்ள விசிலுக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல்.

பயிற்சி பிடித்துக்கொண்டது. தூங்குகிறேன். படுத்தால் காலையில்தான் எழுந்திருக்கிறேன். கனவு எதுவும் இல்லை. உனக்கு நன்றி சொல்லவேண்டும்.

இழுப்பதையும் விடுவதையும்விட நடுவில் பிடித்து வைக்கிறோமே, அந்த இடம் எனக்கு நன்றாக இருக்கிறது. அங்கே ஒன்றும் இல்லை. நாலு போதவில்லை என்று நீட்டிக்கொண்டேன், நன்றாகவே நீள்கிறது. நெஞ்சுக்குள் ஏதாவது கிளம்புகிற மாதிரி இருந்தால் உடனே மூச்சைப் பிடித்துக்கொள்வேன். வந்தது அப்படியே திரும்பிப் போய்விடும்.

குளிர் அறையில் செய்ய வசதியாக இருக்கிறது. அங்கே விடுகிற மூச்சு புகையாகக் கண்ணுக்குத் தெரியும். பிடித்து வைத்தால் புகை நின்றுவிடும். பார்த்தால் அந்த இடத்தில் ஆளே இல்லாத மாதிரி இருக்கும். ஒருநாள் நேரம் போனது தெரியாமல் நின்றுவிட்டேன். சூப்பர்வைசர் கதவைத் தட்டி, "யோவ், உள்ளயே குடித்தனம் வந்துட்டியா?" என்று சத்தம் போட்டார். எனக்குக் குளிரவில்லை என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

போன வாரம் குளிரூட்டும் குழாயின் ஒரு வால்வில் அம்மோனியா வாயு கசிந்தது. முகமூடி எடுக்கப் போகாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டே போய் அடைத்துவிட்டேன். கண்ணில் மட்டும் தண்ணீர் கொட்டியது. இத்தனை மாதத்தில் அன்றைக்குத்தான் வந்தது. அது அம்மோனியாவுக்காக வந்தது.

பொடிசும் கற்றுக்கொண்டாள். நான் உட்கார்ந்தால் அவள் எதிரில் உட்கார்ந்து விரல் மடக்கி எனக்காக எண்ணுகிறாள். ஆரம்பத்தில் சாயங்காலம் ஆனால் அழுவாள். "அழுகை வந்தா மூச்சைப் பிடிச்சுக்கோ, போயிடும்" என்று சொல்லிக்கொடுத்தேன். இப்போது அழுவதில்லை. போன மாதம் பள்ளியில் விளையாட்டுக் கம்பியிலிருந்து விழுந்து மணிக்கட்டு எலும்பில் விரிசல் விழுந்துவிட்டது. கட்டுப் போடும்போதுகூட ஒரு சொட்டு கண்ணீர் இல்லை. "இப்படி ஒரு தைரியமான குழந்தையை நான் பார்த்ததில்லை" என்று டீச்சர் சொன்னார். கட்டு இன்னும் சில நாளில் பிரித்துவிடுவார்கள்.

முடியை ரப்பர் பேண்டு போட்டு மேலே கட்டிவிடுகிறேன்.

அண்ணன்


மார்ச் 22

அன்புள்ள அண்ணா,

நலம். நலமோ நலம்! உன் கடிதத்தை வார்டில் நின்றபடியே படித்தேன். "தூங்குகிறேன்" என்ற சொல்லை இரண்டு தரம் படித்தேன். டிரம்பெட்காரரிடம் போய், "எங்கண்ணன் தூங்குறார் சார்" என்று சொன்னேன். அவர் பாவம், "நல்லது, எழுப்பாதே" என்றார்.

இப்போது திட்டு. அம்மோனியாவில் முகமூடி இல்லாமல் போனாயா? உனக்கு மூளை என்ன பட்டாணியோடு சேர்ந்து உறைந்துவிட்டதா? மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தது வீட்டு நாற்காலிக்கு, வால்வுக்கு இல்லை. இனி அப்படிச் செய்தால் உன் சூப்பர்வைசருக்கே கடிதம் போடுவேன்.

பொடிசு கை விஷயத்தைப் படித்ததும் பதறிவிட்டேன். அழவே இல்லையாமே? யார் வீட்டுப் பிள்ளை! கட்டு பிரித்ததும் அந்தக் கையாலேயே எனக்கு நாலு வரி எழுதச் சொல்.

எனக்கு ஒரு பாரம் இறங்கின மாதிரி இருக்கிறது அண்ணா. நீ அமைதியாக இருக்கிறாய், அது போதும்.

விசில்


மே 4

அன்புள்ள விசிலுக்கு,

நலம். பதில் தாமதமாகிவிட்டது.

பொடிசு முடி கண்ணை மறைக்கிறது, வெட்டி அனுப்புங்கள் என்று பள்ளியில் சொன்னார்கள். சனிக்கிழமை கடைத்தெருவில் ஒரு முடிவெட்டும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நாற்காலியில் உட்காரவைத்துத் துணியைப் போர்த்தினார்கள். காலை ஆட்டிக்கொண்டு இருந்தாள். முடிவெட்டும் பெண் கத்தரிக்கோலை எடுத்து இரண்டு தடவை காற்றில் வெட்டிப் பார்த்தார். அந்தச் சத்தம் கேட்டதும் பொடிசு மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடியில் பார்த்தேன். பிடித்துக்கொண்டே இருந்தாள். நானும் என்னை அறியாமல் எண்ண ஆரம்பித்துவிட்டேன். உதடு நீலமாகி நாற்காலியிலேயே சரிந்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் கண் விழித்தாள். டாக்டரிடம் காட்டினேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை என்றார். வெளியே வந்ததும் ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

"அழுகை வந்துச்சுப்பா. பிடிச்சேன். ரொம்பப் பெருசா வந்துச்சு, அதான் ரொம்ப நேரம் பிடிச்சேன்" என்றாள்.

முடி வெட்டவில்லை. மழை இங்கே ஆரம்பித்துவிட்டது. அங்கே எப்படி?

அண்ணன்


மே 9

அண்ணா,

இன்றைக்கு நலம் விசாரிக்கப் போவதில்லை. முதலில் இதைச் செய். மூச்சைப் பிடித்து வைப்பதை இன்றோடு நிறுத்து. நீயும், பொடிசும். ஒரு எண்ணிக்கைகூட வேண்டாம். அவளைக் கூப்பிட்டு, "அத்தை சொல்லிட்டாங்க, இனிமே பிடிக்கக் கூடாது" என்று என் பெயரைப் போட்டுச் சொல்.

உன் பழைய கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். குளிரவில்லை என்று எழுதியிருக்கிறாய். கனவு இல்லை என்று எழுதியிருக்கிறாய். ஆளே இல்லாத மாதிரி இருந்தது என்று எழுதியிருக்கிறாய். எட்டு வயதுப் பிள்ளை கை எலும்பில் விரிசல் விழுந்தும் அழவில்லை என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்துவிட்டு நான் கைதட்டியிருக்கிறேன்.

இங்கே நெஞ்சைத் திறந்து தைத்தவர்கள் வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விட்டுக்கொண்டு கிடப்பார்கள். பார்க்க அவ்வளவு அமைதியாக இருக்கும். பார்க்க வரும் சொந்தக்காரர்கள், "நல்லா ரெஸ்ட் எடுக்கறார்" என்று சந்தோஷமாகப் போவார்கள். அடியில் சளி கட்டிக்கொண்டிருப்பது எங்களுக்குத்தான் தெரியும். தலையணையைக் கையில் கொடுத்து, "நெஞ்சோட அணைச்சுக்குங்க. வலிக்கும். இருமுங்க" என்போம். கண்டபடி திட்டுவார்கள். இருமிய பிறகுதான் பிழைப்பார்கள். தினமும் இதைச் செய்கிறவள் நான். நீ அமைதியாக இருப்பதாக எழுதியதும் அந்தச் சொந்தக்காரர்கள் மாதிரியே நம்பிவிட்டேன். எனக்கு என் மேலேயே கோபம் கோபமாக வருகிறது.

உன் சூப்பர்வைசர் சொன்னதை நீதானே எனக்கு எழுதினாய்? மரத்துக் கிடக்கும்போது ஒன்றும் தெரியாது என்று. மறுபடி எடுத்துப் படி. எனக்கும் படிக்க வேண்டியிருந்தது.

சின்ன வயதில் எனக்கு அழுதால் மூச்சு முட்டும், அதனால் அழக்கூடாது. அது எனக்கு, என் நெஞ்சுக்கு. உனக்கும் பொடிசுக்கும் நெஞ்சில் ஒரு கோளாறும் இல்லை. என் மருந்தைக் குடும்பம் முழுக்கக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

இனி ஒன்றே ஒன்று செய். வண்டு மூச்சு. இரண்டு காதையும் விரலால் மூடிக்கொள். வாயை மூடு. மூக்கால் இழு. விடும்போது வண்டு மாதிரி தொண்டையிலிருந்து ஒரு சத்தம். நீ போனில் சொல்கிறாயே "ம்", அதேதான், நீளமாக. மண்டைக்குள் அதிரும். மூச்சு எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு. சத்தம் வந்துகொண்டிருந்தால் மூச்சு வெளியே போய்க்கொண்டிருக்கிறது, யாரும் பிடித்து வைக்கவில்லை என்று தெரியும். பொடிசும் கூடவே செய்யட்டும். எண்ணாதே. குரல் நடுங்கினால் நடுங்கட்டும், உடைந்தால் உடையட்டும், சரிப்படுத்தாதே.

உடனே பதில் போடு.

விசில்


ஜூன் 16

அன்புள்ள அண்ணா,

நான் நலமாக இல்லை. உன்னிடமிருந்து கடிதம் இல்லை. மூன்று தடவை போன் செய்தேன். "பிடிக்கிறதை நிறுத்திட்டியா?" "ம்." "பொடிசு?" "ம்." "ரெண்டு பேரும் வண்டு மூச்சு செய்றீங்களா?" "ம்." எந்த "ம்" உண்மை, எந்த "ம்" என் வாயை அடைக்க என்று எனக்குத் தெரியவில்லை.

ஜூலையில் லீவு கிடைத்திருக்கிறது. வருகிறேன். வேண்டாம் என்று சொல்லாதே.

டிரம்பெட்காரர் வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது மூன்று பந்தையும் மேலே ஏற்றிக் காட்டிவிட்டுப் போனார். அதைப் பார்த்து நான் சிரித்தேன், அப்புறம் மாடிப்படிக்குப் பின்னால் போய் அழுதேன். ஏன் என்று எனக்குத் தெரியும். அண்ணியை எனக்குத் தேடுகிறது. என் படிப்பு முடிந்து போட்டோ எடுக்கவேண்டிய அன்று என் முன்முடியைக் கோணலாக வெட்டிவிட்டு, "இதுதான் இப்போ பேஷன், உனக்கென்ன தெரியும்?" என்று சாதித்தாரே. அந்தப் போட்டோ என் மேஜையில் இருக்கிறது. அண்ணி இல்லாதது அநியாயமாக இருக்கிறது அண்ணா. நீ எழுதாவிட்டால் நானாவது எழுதுகிறேன். அழுததில் கொஞ்சம் இளைத்தது, இன்ஹேலர் எடுத்துக்கொண்டேன், சரியாகிவிட்டது. உலகம் ஒன்றும் முடிந்துவிடவில்லை.

உங்கள் இருவருக்கும் என் அன்பு.

விசில்


ஜூன் 29

அன்புள்ள விசிலுக்கு,

நலம். பொடிசும் நலம். உனக்கு இளைப்பு எப்படி இருக்கிறது?

நீ சொன்னபடி பிடிப்பதை நிறுத்தினோம். அவள் உடனே நிறுத்திவிட்டாள். எனக்குக் கொஞ்ச நாள் ஆயிற்று. நிறுத்தியதும் தூக்கம் போய்விட்டது. உன் மேல் கோபமாக இருந்தது. அதனால்தான் எழுதவில்லை.

வண்டு மூச்சைப் பொடிசுக்குப் பிடித்துவிட்டது. சாயங்காலம் பள்ளி விட்டு வந்ததும் எதிரெதிரே உட்கார்ந்து காதை மூடிக்கொண்டு இரண்டு பேரும் ரீங்காரம் போடுவோம். "நம்ம வீட்ல ஃபிரிட்ஜ் ரெண்டு ஓடுற மாதிரி இருக்குப்பா" என்பாள். எனக்கு அது வெறும் சத்தமாகத்தான் இருந்தது. கம்பிரசர் பக்கத்தில் நின்று பழகியவனுக்கு அதில் என்ன புதுசு?

போன ஞாயிற்றுக்கிழமை காலை நாற்காலியை அலமாரிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு ஏறி, மேலே இருந்த பையை எடுத்துவந்துவிட்டாள். கடையிலிருந்து கொடுத்தனுப்பிய பை. அன்றைக்கு மேலே வைத்தது, நான் திறக்கவில்லை. உன் அண்ணியின் கத்தரிக்கோல், சீப்பு, கழுத்தில் கட்டுகிற துண்டு.

"நீங்க வெட்டுங்கப்பா" என்றாள்.

"எனக்குத் தெரியாதும்மா."

"பரவால்ல. ஆனா சத்தம் கேக்கக் கூடாது. நான் காதை மூடிக்கிட்டு வண்டு போடறேன். அதுக்குள்ள வெட்டிடுங்க."

ஜன்னலோரம் உட்காரவைத்துத் துண்டைக் கட்டினேன். துண்டில் உன் அண்ணி போடுகிற பவுடர் வாசனை இன்னும் இருந்தது. அவள் காதை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள். நான் முன்முடியை வெட்டினேன். மூச்சு தீர்ந்து அவள் இழுக்கும்போது நிறுத்துவேன். ரீங்காரம் ஆரம்பித்ததும் வெட்டுவேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. காதோரம் வந்ததும் விரல் மறைத்தது. கையை எடுக்கச் சொல்லித் தோளைத் தொட்டேன். என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துவிட்டாள். ரீங்காரத்தை மட்டும் விடவில்லை. காதுக்குப் பக்கத்தில் ஒரு வெட்டு வெட்டினேன். அவள் குரல் நடுங்கியது. இன்னொரு வெட்டு. அதற்கு மேல் அது ரீங்காரமாக இல்லை. "அம்மா" என்று ஆரம்பித்தாள். பிறந்த அன்று அழுத மாதிரி அழுதாள், வாயை முழுக்கத் திறந்து, முகமெல்லாம் சிவந்து. முடி கன்னத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒன்பது மாதத்து அழுகை.

நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன்.

உனக்கு ஒன்று சொல்லவேண்டும். அன்றைக்குக் கடையிலிருந்து செய்தி வந்தபோது நான் குளிர் அறைக்குள் இருந்தேன். சூப்பர்வைசரே உள்ளே வந்து சொன்னார். நான் வெளியே வந்து, கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் சரியாக விழுந்ததா என்று இழுத்துப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். அந்தக் கதவை இவ்வளவு நாள் கழித்து இப்போதுதான் திறந்தாய் என்று நீ ஏதாவது எழுதுவாய். எழுதாதே.

கொஞ்ச நேரம் கழித்து மிச்ச முடியை வெட்டினேன். இடது பக்கம் ஏறியும் வலது பக்கம் இறங்கியும் இருக்கிறது. இதுதான் இப்போது பேஷன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஜூலையில் வா. என் தலையையும் யாராவது வெட்டவேண்டும். பொடிசு உனக்கு ஏதோ எழுதி உறைக்குள் போட்டு, நான் பார்க்கக் கூடாது என்று ஒட்டிவிட்டாள். பார்க்கவில்லை.

அண்ணன்


(அதே உறைக்குள், நோட்டிலிருந்து கிழித்த தாளில்)

அத்தைக்கு,

நான் நலம். நீங்கள் நலமா? என் கை சரியாயிடுச்சு. அந்தக் கையாலதான் எழுதறேன்.

அப்பா எல்லாத்தையும் எழுதியிருக்க மாட்டார். நான் அழுதப்போ அப்பா என் பக்கத்துல தரையில உட்கார்ந்து ம்ம்ம்னு சொல்லிக்கிட்டே இருந்தார். அப்புறம் அது ம்ம்ம் இல்லை. அப்பா ரொம்பச் சத்தமா அழுதார். நான் அப்பா அழுது பார்த்ததே இல்லை. ஜன்னல் திறந்திருந்தது. பக்கத்து வீட்டு ஆன்ட்டி வந்து எட்டிப் பார்த்துட்டுப் போயிட்டாங்க.

எனக்கு முதல்ல பயமா இருந்துச்சு. அப்பா, நான் எண்ணட்டுமான்னு கேட்டேன். வேண்டாம்னு தலையாட்டினார். அம்மா துண்டைக் கொடுத்தேன், அதுல முகத்தைத் துடைச்சுக்கிட்டார். அவர் மூக்குல எல்லாம் என் முடி ஒட்டிக்கிச்சு. அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துச்சு, அப்பாவும் சிரிச்சார், அப்புறம் திரும்ப அழுதார்.

நான் எண்ணலை அத்தை. அதனால எவ்வளவு நேரம் அழுதார்னு எனக்குத் தெரியாது.

இப்படிக்கு
பொடிசு